நேரிலா, திரையிலா, குரலிலா: மதுரையிலிருந்து மனநல ஆலோசனை பெறுவோருக்கு ஓர் ஒப்பீடு

மனநல ஆலோசனை பெறுவதென்று முடிவெடுத்துவிட்ட ஒருவருக்கு இன்று மதுரையில் நான்கு வழிகள் இருக்கின்றன. ஊருக்குள்ளேயே ஒருவரை நேரில் சென்று பார்க்கலாம். வெளியூரில் இருப்பவரிடம் வீடியோ அழைப்பில் பேசலாம். அதே நபரிடம் படமில்லாமல் குரலில் மட்டும் பேசலாம். அல்லது எழுத்தில் செய்தி அனுப்பிப் பதில் பெறலாம். இவற்றில் எது மேல் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கட்டணத்தையும் செயலியின் பெயரையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அப்பா இறந்த பிறகு தூக்கம் கெட்டு, ஓராண்டுக்கும் மேலாக முதல் மூன்று வழிகளிலும் ஆலோசனை பெற்றவன் என்ற முறையில், அந்தக் கேள்விகளின் வரிசையை நான் மாற்றிக் கேட்க விரும்புகிறேன். பிறர் காதில் விழாமல் ஐம்பது நிமிடம் வாய்விட்டுப் பேச உங்களுக்கு எங்கே இடம் இருக்கிறது? அதற்கு விடை கிடைத்துவிட்டால் எந்த வழி என்பதும் பாதி முடிவாகிவிடும்.

அதற்கு முன் யாரிடம் பேசப்போகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் நம் ஊரில் 'கவுன்சலிங்' என்ற ஒரே சொல் பல தொழில்களைக் குறிக்கிறது. மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதித் தரும் உரிமை அவருக்கே உண்டு. மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை அளிப்பவர். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டியவர் என்பதால் அவருடைய பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். ஆலோசகர் என்ற பெயரை மட்டும் போட்டுக்கொள்பவரிடம் என்ன படித்தார், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி பெற்றார் என்று கேட்பதில் தவறில்லை. நேரில் போகும்போது சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்துக்கொள்ளலாம். திரையில் அது கண்ணில் படாது என்பதால், ஆன்லைனில் இந்தக் கேள்வியை நாமே வாய்திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. நன்றாகப் பயின்ற எவரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டால் அதுவே நமக்குப் போதுமான பதில்.

நேரில் பார்ப்பதன் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதிரே இருப்பவர் நம் முகத்தை மட்டுமல்லாமல், பேசும்போது கை எதைப் பிசைகிறது, கால் எப்படி ஆடுகிறது என்பதையும் பார்க்கிறார். அந்த அறைக்கு ஒரு கதவு இருக்கிறது. அதை யார் திறக்கலாம் என்பது நம் பொறுப்பில் இல்லை. மருந்து தேவைப்படும் நிலையில் உள்ளவருக்கு, அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பரிசோதனையும் மாத்திரையும் காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் எந்த அரசு மருத்துவமனையானாலும் புறநோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், வாரந்தோறும் ஒருவருக்கு ஐம்பது நிமிடம் ஒதுக்கிக் கதை கேட்பதை அங்கே எதிர்பார்ப்பது நியாயமாகாது. நீண்ட பேச்சுக்குத் தனியார் இடங்களைத்தான் நாட வேண்டியிருக்கும். அவை பெரும்பாலும் கே.கே. நகர், அண்ணா நகர் பக்கமாகவே இருப்பதால், பேரையூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வருபவருக்குப் போக்குவரத்தோடு அரை நாள் போய்விடுகிறது. அந்த அரை நாள் கூலியோ விடுப்போ, பேருந்துக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு.

நேரில் செல்வதில் மதுரைக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. இந்த ஊரில் முன்பின் தெரியாத இருவர் பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்தால், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று தொடங்கி எப்படியாவது ஓர் உறவு முறை வெளிப்பட்டுவிடும். மற்ற இடங்களில் அது இந்த ஊரின் அழகு. மனநல மருத்துவமனையின் காத்திருப்பு நாற்காலியில் அது ஒரு தொல்லை. ஏர்வாடி என்ற ஊர்ப் பெயரையே கேலிச் சொல்லாகப் பயன்படுத்திப் பழகிய தென்மாவட்டங்களில், 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட பிறகும், மனநலம் என்ற சொல்லைக் கேட்டதும் மூத்தவர்கள் முகம் மாறுவது முழுதாக நிற்கவில்லை. பெண் பார்க்கவிருக்கும் வீட்டாரின் உறவினர் ஒருவர் தன்னைப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவரிடம், அது வீண் பயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்டவருக்குச் சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஒருவரிடம் ஆன்லைனில் பேசுவது வசதிக்குறைவான மாற்று ஏற்பாடன்று. அவரைப் பொறுத்தவரை அதுவே பாதுகாப்பான முதல் தேர்வு.

ஆன்லைன் சிகிச்சை நேரடிச் சிகிச்சையின் தரத்துக்கு வராது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. பதற்றம், மனச்சோர்வு போன்ற பிரச்சினைகளுக்கு அறிதல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) இணையம் வழியாக, ஒரு வல்லுநரின் வழிகாட்டலோடு அளித்துச் செய்யப்பட்ட ஆய்வுகள், பலன் ஏறத்தாழ நேரடிச் சிகிச்சைக்கு இணையாக இருப்பதையே காட்டுகின்றன. சில இடங்களில் திரைக்குக் கூடுதல் பலமும் உண்டு. பூட்டைப் பத்து முறை இழுத்துப் பார்ப்பவருக்கும், குழாயடியில் கையைத் தேய்த்துக்கொண்டே நிற்பவருக்கும், அந்தப் பூட்டும் அந்தக் குழாயும் இருப்பது அவர்கள் வீட்டில்தான். கைப்பேசியை அதன் முன்னே நிறுத்தி, சிகிச்சையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முறை பூட்டிவிட்டு நகர்ந்து வரப் பழகுவதை, கே.கே. நகரில் உள்ள ஓர் அறைக்குள் அப்படியே செய்துவிட முடியாது.

ஆனால் தூரத்தில் இருப்பவரைத் தேர்ந்தெடுக்கும்போது மொழியை இரண்டு முறை யோசிக்க வேண்டும். பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கும் நல்ல உளவியலாளரிடம் ஆங்கிலத்தில் பேசிவிடலாம் என்று படித்தவர்கள் எண்ணுவதுண்டு, நானும் எண்ணினேன். ஆங்கிலத்தில் என் துக்கத்தை ஓர் அறிக்கை வாசிப்பதுபோல் ஒழுங்காகச் சொல்லி முடித்தேன், கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. நெஞ்சு 'கெதக்' என்றிருப்பதை எந்த மொழிபெயர்ப்பாலும் அங்கே கொண்டுபோக முடியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் உறவுகளைச் சொல்வதில் வந்தது. அப்பாவின் கருமாதியில் செய்முறை (உறவினர் செய்யும் மொய், சீர்) குறைந்துவிட்டதென்று தாய்மாமன் வீட்டாரோடு பேச்சு நின்றுபோன கதையைச் சொல்வதற்கு முன், செய்முறை என்றால் என்ன, அது ஏன் நோட்டில் எழுதி வைக்கப்படுகிறது, தாய்மாமன் கோபித்தால் ஏன் ஒரு வீடே அதிர்கிறது என்பதை விளக்குவதிலேயே கட்டணம் செலுத்திய நேரத்தில் பாதி கரைந்தது. பிறகு சென்னையில் இருந்த, தமிழில் பேசும் ஒருவரிடம் மாறினேன். அவரும் இந்தப் பக்கத்துக்காரர் அல்லர் என்றாலும், 'மாமா வீட்டோடு பேச்சு இல்லை' என்ற நான்கு சொற்களிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. வழியைத் தேர்வதைவிட ஆளின் மொழியைத் தேர்வது முக்கியம் என்று அந்த நாளில் தெரிந்துகொண்டேன்.

இனி இடத்தைப் பற்றி. வீடியோ அமர்வைப் பரிந்துரைக்கும் குறிப்புகள் எல்லாம் அமைதியான தனி அறையில் அமருங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அண்ணன் குடும்பமும் அம்மாவும் நாங்களும் சேர்ந்து இருக்கும் வீட்டில், பகலில் ஓர் அறையைச் சாத்தினாலே உடம்புக்கு என்ன என்று கேட்டு இருவர் கதவைத் தட்டுவார்கள். செல்லூரில் தறி ஓடும் வீட்டிலும், சிம்மக்கல் பக்கம் இரண்டு அறைகளில் ஐந்து பேர் இருக்கும் வீட்டிலும் தனி அறை என்ற பேச்சுக்கே இடமில்லை. காதுக்கருவி போட்டுக்கொண்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சிகிச்சையாளரின் குரலை மட்டுமே மறைக்கும். வெளியே கசிவது நம்முடைய குரல், நாம் மறைக்க நினைப்பதும் அதைத்தான். இதற்கு உதவும் ஒரு சின்ன உபாயம், கதவுக்கு வெளியே ஒரு வானொலியையோ மின்விசிறியையோ ஓட விடுவது. அறைக்குள்ளே ஓடும் விசிறி நம் ஒலிவாங்கியைத்தான் கெடுக்கும், வெளியே ஓடினால் கேட்பவரின் காதை மறைக்கும்.

அறை கிடைத்தவருக்கு வீடியோ நல்ல வழிதான், இரண்டு மூன்று திருத்தங்களோடு. கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஐம்பது நிமிடம் பேசுவது உடம்புக்கும் பேச்சுக்கும் கேடு; நான்கு புத்தகங்களை அடுக்கிக் கண் மட்டத்துக்கு அதைச் சாய்த்து வைக்க வேண்டும். திரையின் மூலையில் தெரியும் நம் சொந்த முகத்தை மறைத்துவிட வேண்டும், ஏனெனில் தன் அழுகையைத் தானே பார்த்துக்கொண்டு யாரும் இயல்பாக அழுவதில்லை. சிகிச்சையாளர் நம் கண்ணை நேராகப் பார்க்கவில்லையே என்று குறைபட்டுக்கொள்ளவும் வேண்டாம். அவர் திரையில் உள்ள நம் முகத்தைப் பார்க்கிறார், கேமரா அதற்கு மேலே இருக்கிறது, அவ்வளவுதான். இணைப்பு அறுந்தால் யார் யாரைத் திரும்ப அழைப்பது என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளாமல் போனதால், நெஞ்சில் இருந்ததைச் சொல்லத் தொடங்கிய இடத்தில் படம் உறைந்து, அவர் அழைப்பார் என்று நானும் நான் அழைப்பேன் என்று அவரும் பத்து நிமிடம் காத்திருந்த ஒரு நாளை நான் மறக்கவில்லை.

குரல் மட்டும் உள்ள அழைப்பைப் பலரும் வீடியோ கிடைக்காதபோது எடுக்கும் இரண்டாம் தரமாகவே கருதுகிறார்கள். என் கணிப்பு வேறு. நம் மொழியில் கதை கேட்பவர் 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் சொல்பவர் நிறுத்திவிட்டு, கேட்கிறாயா என்பார். தொலைபேசியில் அந்த 'உம்' நம் காதுக்குள்ளேயே ஒலிக்கிறது, அதன் ஏற்ற இறக்கத்திலேயே எதிரே இருப்பவரின் முகம் தெரிந்துவிடுகிறது. வீடியோவிலோ அலைக்கற்றை சற்றே தடுமாறினாலும் 'உம்' ஒரு நொடி தாமதித்து வந்து அடுத்த வாக்கியத்தின் தலையில் விழுகிறது. பேசுபவர் அதைக் குறுக்கீடு என்று எண்ணி நிறுத்திவிடுகிறார். மேலும், குரல் அழைப்புக்கு அறையே தேவையில்லை. தெப்பக்குளத்தைச் சுற்றி மாலையில் நடப்பவர்களில் பாதிப் பேர் காதில் கருவியோடு யாரிடமோ பேசிக்கொண்டேதான் நடக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தன் சிகிச்சையாளரிடம் பேசுகிறார் என்று யாருக்கும் தோன்றாது. நடந்துகொண்டே பேசும்போது, முகம் பார்த்துச் சொல்லக் கூசும் சில விஷயங்கள் எளிதாக வந்துவிடுவதையும் கண்டிருக்கிறேன். ஒரு மணி நேர வீடியோவுக்குச் செலவாகும் டேட்டாவில் சிறு பங்கே குரலுக்குப் போதும் என்பதால், சிக்னல் நிலையாக இல்லாத கிராமங்களிலும் இது நிற்கும்.

குறைகளும் உண்டு. விம்மாமல், குரல் உடையாமல் கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தால் தொலைபேசியில் அது தெரியாது. 'இப்போது அழுகிறேன்' என்று நாமே சொல்ல வேண்டும். மெளனமும் குழப்பும், அது யோசனையா துண்டிப்பா என்று இரு பக்கமும் புரியாது. ஆகவே முதல் இரண்டு அமர்வுகளையாவது முகம் பார்த்து நடத்திவிட்டுக் குரலுக்கு மாறுவது நல்லது. நடந்துகொண்டு பேசுபவர் சாலையைக் கடக்கும் பாதையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதையும், ஆலோசனை நேரத்தில் வண்டி ஓட்டவே கூடாது என்பதையும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். காரை ஓட்டியபடியே அமர்வை முடித்ததாக ஒருவர் பெருமையோடு சொன்ன பிறகு எழுதிவிட்டேன்.

எழுத்து வழி உரையாடலை நான் நீண்ட சிகிச்சைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பேசவே முடியாத வீட்டில் இருப்பவருக்கு அது ஒரு சன்னல், ஆனால் எழுதியது எல்லாம் கைப்பேசியில் தங்குகிறது, நம் வீடுகளில் கைப்பேசிகள் கை மாறுகின்றன. நடுநிசியில் தாங்க முடியாமல் போகும்போது அழைக்க வேண்டியது 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவித் திட்டத்தின் இந்த எண் தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது; கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அடுத்த முறை அழைக்கும்போது அதே நபர் எடுப்பார் என்ற உறுதி இல்லாததால், வாராவாரம் தொடரும் சிகிச்சைக்கு இது மாற்றாகாது. ஆனால் எங்கே தொடங்குவதென்றே தெரியாதவருக்கு இதைவிட நல்ல முதல் படி இல்லை.

ஆன்லைனே கூடாத நிலைகள் சில உண்டு, இவற்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காதில் குரல் கேட்கிறது என்பவரையும், உயிரை மாய்த்துக்கொள்ளத் திட்டமிடுபவரையும், குடியை நிறுத்தியதும் கை நடுங்கி மனம் பிறழ்பவரையும் திரைக்கு முன் உட்காரவைத்துக் காத்திருக்கக் கூடாது. 108 ஊர்தியோ இருபத்து நான்கு மணி நேர அவசரச் சிகிச்சைப் பிரிவோதான் அவர்களுக்கான வழி. அடிக்கும் நபர் அடுத்த அறையில் இருக்கும் பெண்ணுக்கு வீட்டிலிருந்து பேசும் வீடியோ அமர்வு ஆபத்தாகவே முடியலாம். மற்றவர்களும் ஆன்லைனில் தொடங்கும்போது, மதுரையில் தங்களோடு இருக்கும் ஒருவரின் எண்ணையும், ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் தாங்கள் இருக்கும் இடத்தையும் சிகிச்சையாளரிடம் சொல்லிவிட வேண்டும். நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் அழைப்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? மருந்து விஷயத்திலும் ஓர் எல்லை உண்டு. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் (கடும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளின் பட்டியல்) போதைப்பொருள் சட்டத்திலும் வரும் மருந்துகளைப் பொதுவாக ஆன்லைனில் எழுதித் தர அனுமதிப்பதில்லை. ஆகவே அப்படிப்பட்ட மாத்திரை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்கள் உள்ளூர் மனநல மருத்துவர் ஒருவரையும் விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரகசியத்தைப் பொறுத்தவரை வழிகளுக்கிடையே சட்டத்தில் வேறுபாடு இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் தகவல்களைக் காக்கும் கடமையை விதிக்கிறது. கட்டணம் தனியாரிடம் எந்த வழியில் போனாலும் ஏறத்தாழ ஒன்றே. மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்குவதற்கே பணம் தருவதால், வாராந்திரப் பேச்சுச் சிகிச்சைக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

நேரில் போன காலத்தில் எனக்குத் தெரியாமலேயே கிடைத்த ஒன்று, ஆன்லைனுக்கு மாறிய பிறகுதான் புலப்பட்டது. கே.கே. நகரிலிருந்து திருநகருக்குத் திரும்பும் வழியில், பேருந்தின் சன்னலோரத்தில் உட்கார்ந்து, பேசியதையெல்லாம் மனம் ஒரு முறை புரட்டிப் பார்க்கும். வீடு வந்து சேரும்போது முகம் தெளிந்திருக்கும். வீடியோவிலோ சிவப்புப் பொத்தானை அழுத்திய மறு நொடி காய் வாங்கி வரச் சொல்லி அழைப்பு வரும். ஆகவே ஆன்லைன் அமர்வுக்கு நேரம் ஒதுக்கும்போது ஐம்பது நிமிடத்தை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகக் கணக்கிட வேண்டும். முன்னால் கால் மணி நேரம், கடந்த வாரத்தில் எது உறுத்தியது என்று மூன்று வரி எழுத; பின்னால் அரை மணி நேரம், சும்மா இருக்கவோ தெருமுனை வரை நடந்துவிட்டு வரவோ. இந்த இரண்டையும் விட்ட வாரங்களில் எனக்கு அமர்வு வெறும் அரட்டையாக முடிந்திருக்கிறது.

பலன் இருக்கிறதா என்பதையும் அளந்து பார்க்கலாம். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தாளில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. மொத்தம் 27 மதிப்பெண், 10ஐத் தொட்டாலே குறைந்தது மிதமான சோர்வு என்று கொள்வார்கள். ஐந்து மதிப்பெண் குறைந்தால் அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம். மாதம் ஒரு முறை நிரப்பிச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். ஏழெட்டு அமர்வுகளுக்குப் பிறகும் எண் அசையவில்லையென்றால், சத்தமில்லாமல் நின்றுவிடாமல், அசையவில்லை என்று அவரிடமே சொல்ல வேண்டும். திரையில் உறவை முறிப்பது மிக எளிது, செயலியை நீக்கினால் போதும். அதனாலேயே பலர் இந்தப் பேச்சைத் தவிர்த்துவிட்டு அடுத்தவரிடம் முதலிலிருந்து அப்பா கதையைத் தொடங்குகிறார்கள்.

ஆக, மருந்து தேவைப்படுபவரும் நகருக்குள்ளேயே இருப்பவரும், அடையாளம் தெரிந்துவிடும் என்ற கவலை இல்லாவிட்டால், நேரில் தொடங்குவதே நல்லது. ஊர் தொலைவு, ஊர்ப் பேச்சு ஆகிய இரண்டில் ஒன்று தடுத்தால், தமிழ் பேசும் வெளியூர் உளவியலாளரிடம் போகலாம். அறை இருந்தால் வீடியோ, இல்லையென்றால் குரல். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நேரில் பார்த்துக்கொண்டு இடையில் குரலில் தொடர்வது என் ஏற்பாடு, வசதியுள்ளவர்களுக்கு அதையே சொல்வேன்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். தேர்ந்தெடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அமர்வில் பேசும் அதே குரலில் ஐந்து நிமிடம் ஏதாவது பேசுங்கள். வெளியே நம்பிக்கையான ஒருவரை நிற்க வைத்து, என்ன கேட்டது என்று பிறகு விசாரியுங்கள். எங்கள் வீட்டு மாடி அறையில் நான் இதைச் செய்தபோது படிக்கட்டில் நின்றிருந்த அண்ணி, ஒன்றுமே புரியவில்லை, 'அப்பா' என்பது மட்டும் மூன்று தடவை கேட்டது என்றார். அந்த அறையை அன்றே விட்டுவிட்டேன். இப்போது வியாழன்தோறும் மாலை ஆறு மணிக்குத் தெப்பக்குளத்தின் கிழக்குக் கரையில் நடக்கிறேன்.